வராதவன் காய்

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போனை எடுத்தால் மூன்றாவது நிமிடமே இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், அதனால் எழுதிக்கொள்ளலாம் என்கிறாய். சரி. ஆனால் ஒரு நிபந்தனை. விளையாட்டைப் பற்றி மட்டும் எழுது. டாக்டர் என்ன சொன்னார், எந்த மாத்திரை, ஸ்கேனில் எந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது, இதெல்லாம் எனக்கு வேண்டாம். நாற்பத்தெட்டு வயதில் யாருக்காவது மறதி நோய் வருமா? "என் தங்கச்சிக்கு ஒண்ணுமில்ல, நீதான் அவளப் பைத்தியமாக்கப் பாக்குற" என்று போன தடவை போனில் சொன்னேனே, அதை நான் இன்னும் திரும்ப வாங்கவில்லை. வாங்குகிற நாள் வந்தால் தகவல் சொல்கிறேன்.

விளையாட்டு என்றால் எழுது. சின்ன வயதிலிருந்து நாம் மூன்று பேரும் சேர்ந்து உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். நீ அவளைக் கட்டிக்கொண்டதே லூடோ ஆட நிரந்தரமாக ஆள் வேண்டும் என்றுதான் என்று நான் இன்னும் நம்புகிறேன்.

இங்கே ஒரு அறைக்கு நான்கு பேர். நான் லிஃப்ட் மெக்கானிக், மற்ற மூவரும் பெயின்டர், வெல்டர், தச்சர். தச்சரிடம் ஒரு லூடோ பலகை இருக்கிறது. போன ஞாயிறு உட்கார்ந்தோம். அய்யய்யோ, ஆட்டமா அது? வெல்டர் போன் பேச வெளியே போனார். பெயின்டர் அவருக்கும் சேர்த்துப் பகடையை உருட்டி, அவர் காயைத் தள்ளி, தானே வெட்டிக்கொண்டார். "அவருக்காகத்தானே ஆடுனேன்" என்கிறார். நான் எழுந்து நின்று நம் வீட்டுச் சட்டத்தைச் சொன்னேன். ஆள் எழுந்து போனாலும் காய் அசையக் கூடாது. போனவன் வருகிற வரைக்கும் அவன் காயை இன்னொருவன் தொடக் கூடாது. மூன்று பேரும் என்னைப் பார்த்து, "யாரு போட்ட சட்டம்?" என்றார்கள். ஒன்பது வயதில் நான் போட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பொதுவான சட்டம் என்று சொல்லி வைத்தேன்.

யார் ஜெயிக்கிறார்கள் என்று எழுது.

மச்சான்

---

பிப்ரவரி 19

அன்பு மச்சான்,

நிபந்தனையை ஏற்றுக்கொண்டேன். முத்திரைத்தாளில் எழுதித் தரட்டுமா? கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க "இந்த எழுத்து தெரியுதா, அடுத்த வரி தெரியுதா" என்று ஊரைக் கேட்கிறவன் நான். உன் கையெழுத்தைப் படிக்க எனக்கே இரண்டு லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தது.

இங்கே ஞாயிறு மத்தியான ஆட்டம் நிற்கவில்லை. சாப்பிட்டு, தட்டைக் கழுவி, ஜன்னல் பக்கம் மேஜையை இழுத்துப் போட்டதும் உன் தங்கச்சி பலகையை விரிப்பாள். அவளுக்கு நீலம், எனக்குச் சிவப்பு. மஞ்சள் நான்கையும் எடுத்து உன் மூலையில் வைப்பாள். நீ இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது, ஒரு ஞாயிறுகூட அவள் அதை மறந்ததில்லை. "எதுக்கு சும்மா இடத்த அடைக்குது, டப்பாவுலயே இருக்கட்டுமே" என்று ஒரு தடவை தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டேன். "எங்க அண்ணன் கறாரு. வந்து பாத்துட்டு காய் எங்கன்னு கேட்டா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று ஒரு பிடி பிடித்தாள். ஒவ்வொரு சுற்றிலும் உன் முறை வரும்போது ஒரு நொடி நிறுத்தி, "அண்ணன் இல்ல, தாண்டு" என்பாள். பிறகுதான் எனக்குப் பகடை.

பச்சையில் ஒரு காய் இல்லை. போன தடவை நீ பலகையைக் கவிழ்த்துவிட்டுப் போனாயே, அப்போது எங்கேயோ உருண்டு ஓடிவிட்டது. அதற்குப் பதில் என் பழைய சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்திருக்கிறோம்.

போன ஞாயிறு அவள்தான் ஜெயித்தாள். ஐந்து விழுந்தது, ஏழு கட்டம் நகர்த்தினாள். அடுத்த தடவை இரண்டு விழுந்தது, ஏழு நகர்த்தினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இது விளையாட்டைப் பற்றியதுதான் மச்சான், நிபந்தனையை மீறியதாக எடுத்துக்கொள்ளாதே.

உன் மாப்பிள்ளை

---

மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

இரண்டு விழுந்து ஏழு நகர்த்தினால் "தப்பு" என்று சொல்ல வாய் இல்லையா உனக்கு? அவள் யார் தெரியுமல்லவா? ரயில் டிக்கெட் கவுண்டரில் இருபது வருஷம் உட்கார்ந்தவள். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் அடித்துக்கொள்ளும்போது தலையை நிமிர்த்தாமல் சில்லறை எண்ணித் தந்தவள். அவளுக்கு இரண்டுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாதா? நீ விட்டுக்கொடுக்கிறாய், அவள் சோம்பேறியாகிறாள். அவ்வளவுதான் விஷயம். சின்ன வயதில் அவள் ஏமாற்றும்போது நான் கையைப் பிடித்துத் திரும்ப எண்ண வைப்பேன். எண்ணுவாள். அடுத்த ஞாயிறு நீயும் அப்படிச் செய்.

நான் புதிதாக ஒன்று ஆடினேன். எங்கள் சைட் இன்ஜினியர் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். அதில் ஒரு மாளிகை, நிறைய அறைகள், ஒவ்வொரு அறையிலும் ஒரு விளக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும், சீட்டில் வந்த அறையின் விளக்கு அணைந்துவிடும். எல்லா விளக்கும் அணைவதற்குள் எல்லோரும் சேர்ந்து சாவியைத் தேடி வெளியே வந்துவிட வேண்டும். எதிராளி கிடையாது. ஜெயித்தால் எல்லோரும் ஜெயித்தோம், தோற்றால் எல்லோரும் தோற்றோம். என்ன ஆட்டமோ! யாரை வெட்டுவது, யார் மேல் கோபப்படுவது? மூன்று தடவை ஆடினோம், மூன்று தடவையும் இருட்டில் மாட்டிக்கொண்டோம். இன்ஜினியர் மட்டும் "நல்லா இருந்துச்சுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவளை எண்ணச் சொல்.

மச்சான்

---

மார்ச் 28

மச்சான்,

அந்த விளக்கு ஆட்டத்தை நாங்கள் பெட்டி வாங்காமலேயே தினமும் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

நீ சொன்னபடி செய்தேன். மூன்று விழுந்தது, அவள் காய் எங்கேயோ போய் நின்றது. கையைப் பிடித்து, "மறுபடி எண்ணும்மா" என்றேன். பகடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பகடையைப் பார்த்தாள். அந்த மூன்று புள்ளியை அவள் பார்த்த விதம் இருக்கிறதே, கடைக்கு வருகிற கிழவர்கள் கடைசி வரியைப் பார்ப்பார்களே, தெரியவில்லை என்று சொல்லவும் மனசு வராமல், அதே மாதிரி இருந்தது. பிறகு அழுதாள். சத்தமே இல்லை, கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. பகடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான்கு நாள் தேடி, கடைசியில் சர்க்கரை டப்பாவுக்குள் கண்டுபிடித்தேன். இனிமேல் அவளை எண்ணச் சொல்லச் சொல்லி எனக்கு எழுதாதே. எழுதினால் படிக்க மாட்டேன்.

அதனால் சட்டத்தை மாற்றிவிட்டேன். திட்டு, பரவாயில்லை. இப்போது எண்ணுவது கிடையாது. ஆறு விழுந்தால் மட்டும் அவளுக்கு இன்னும் தெரிகிறது, கை தட்டுகிறாள். மற்றபடி பகடையை உருட்டிவிட்டு அவள் வைக்கிற இடம்தான் இடம். வெட்டுவதையும் நிறுத்தியாகிவிட்டது. காய் வீட்டுக்குத் திரும்பிப் போவதைப் பார்த்து பயப்படுகிறாள், "அத ஏன் அனுப்புறீங்க, அது என்ன பண்ணுச்சு" என்று. வெட்டாத லூடோ எப்படி இருக்கும் என்று கேட்கிறாயா? உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும். ஆனால் ஆடுகிறோம். ஆட்டம் முடிந்தது என்று அவள் சொல்கிறபோது முடிகிறது.

உன் சட்டம் ஒன்றை மட்டும் நான் தொடவில்லை, அவளும் தொட விடுவதில்லை. மஞ்சள் அந்த மூலையில் இருக்கிறது. "அண்ணன் இல்ல, தாண்டு" மட்டும் ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை. மற்றதெல்லாம் கலைந்துபோன தலைக்குள் அது மட்டும் எப்படி நிற்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு ஞாயிறு வந்துவிட்டுப் போயேன். நான் கேட்பது அவ்வளவுதான். உன் இடம் அவளுக்குத் தெரிகிற காலத்திலேயே வா.

மாப்பிள்ளை

---

ஏப்ரல் 17

மாப்பிள்ளை,

லீவு கிடைப்பது கஷ்டம். பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம், ஆறு லிஃப்ட், எல்லாம் என் தலையில். ஸ்ட்ரெச்சர் போகிற லிஃப்ட்டை இன்னொருவன் கையில் விட்டுவிட்டு வர முடியாது.

தச்சரிடம் சொல்லி ஒரு பகடை செய்து வாங்கியிருக்கிறேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கும். புள்ளிகளைக் குழியாகச் செதுக்கச் சொன்னேன், கண்ணுக்குப் பிடிபடாவிட்டாலும் விரலை வைத்துப் பார்க்கலாம் என்று. தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். விலை கேட்டதற்கு தச்சர், "யாருக்கு?" என்றார். சொன்னேன். பகடையை என் கையில் வைத்துவிட்டு, "நீங்களே எடுத்துட்டுப் போய்க் குடுக்கலாமே" என்றார். அவருக்கு என்ன, சொல்லிவிடுவார்.

நான் அன்று பலகையைக் கவிழ்த்தபோது அவளுக்கு உடம்பு சரியில்லாமல்தான் இருந்ததா? காயைத் தப்பான கட்டத்தில் வைத்தாள், நான் "கள்ளாட்டம்" என்று கத்தினேன். அப்போதே இருந்ததா? இதற்கு மட்டும் பதில் எழுது. நிபந்தனையை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன்.

மச்சான்

---

மே 8

மச்சான்,

ஆம். அப்போதே இருந்தது.

பகடை வந்து சேர்ந்தது. அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புள்ளிக் குழிக்குள் விரலை விட்டு விட்டுப் பார்க்கிறாள், மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். "யாரு குடுத்தா?" என்று தினமும் கேட்கிறாள். "அண்ணன்" என்றால் முகம் மலர்கிறது. "எப்ப வர்றான்?" என்று அடுத்த கேள்வி வருகிறது. அதற்கு நான் தினம் ஒரு பொய் சொல்கிறேன்.

லிஃப்ட் காத்திருக்கும் மச்சான். மெக்கானிக் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். இவளுக்கு அண்ணன் ஒருத்தன். "எப்ப வர்றான்" என்று அவள் கேட்பதை நிறுத்துகிற நாளில் நீ மூட்டை முடிச்சோடு வந்து வாசலில் நின்றால், நான் யாரைக் கூப்பிட்டு யாருக்கு அறிமுகம் செய்து வைப்பது? உனக்கு லீவு பிரச்சினை இல்லை. உனக்குப் பயம். பயப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும்தான் விடிந்தால் பயமாக இருக்கிறது. நான் எங்கே ஓடுவது சொல்லு?

மாப்பிள்ளை

---

மே 30

மாப்பிள்ளை,

பயம்தான்.

போனில் சொன்ன அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முழுசாக.

ஜூன் 14, ஞாயிறு. காலை ரயிலில் வந்து இறங்குவேன். மஞ்சளைத் துடைத்து வைக்கச் சொல். தங்கச்சியாவது மண்ணாவது, ஆட்டத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றும் சொல். எண்ணச் சொல்ல மாட்டேன், வெட்டவும் மாட்டேன். அவள் எப்படி ஆடுகிறாளோ அப்படியே ஆடுகிறேன்.

மச்சான்

---

ஜூன் 16

மாப்பிள்ளை,

நீ பால் வாங்கி வருவதாகச் சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். வீட்டில் பால் இருந்தது, நான் பார்த்தேன். அண்ணனும் தங்கச்சியும் கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டும் என்று போனாய். திரும்பி வந்தபோது நான் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று நீ என்னைத் திட்டியிருப்பாய். அவளிடம் கேட்டாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது. நானே சொல்லிவிடுகிறேன்.

காலையில் நீ "யாரு வந்திருக்கா பாரு" என்றதும் அவள் சிரித்துக்கொண்டே "வாங்க வாங்க" என்றாள். உனக்கு அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது. எனக்கு அந்த "வாங்க" உறுத்தியது. பிறந்ததிலிருந்து அவள் என்னை "வாடா அண்ணா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். வயதாகிவிட்டதல்லவா, மரியாதை வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ போனதும் அவளே மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்தாள். பலகையை விரித்தாள். நீலத்தை எடுத்துக்கொண்டாள். மஞ்சள் நான்கையும் ஒவ்வொன்றாகப் புடவைத் தலைப்பில் துடைத்து மூலையில் வைத்தாள். நீ சொல்லி வைத்திருக்கிறாய் என்று சந்தோஷமாக இருந்தது. அந்த மூலைக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மஞ்சள் காயைத் தொட்டேன்.

கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"அது எங்க அண்ணனோடது சார். தொடக் கூடாது."

"நான்தான்மா அண்ணன்," என்றேன்.

கண்ணாடிக்கு மேலே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அது அந்த டிக்கெட் கவுண்டர் பார்வை. "இப்படிச் சொல்லிக்கிட்டு தினம் நாலு பேர் வருவாங்க. அவரத் தெரியும், இவரோட தம்பின்னு. ஆளத் தெரியும்னா வரிசை இல்லாமப் போயிருமா? எங்க அண்ணனுக்கு முடி இவ்ளோ அடர்த்தியா இருக்கும்," என்று தன் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினாள். நான் என் வழுக்கையைத் தடவிக்கொண்டேன். சிரிப்பு வந்தது மாப்பிள்ளை, உண்மையாகவே வந்தது.

"சரி, நான் எதுல ஆடறது?" என்று கேட்டேன். பச்சையைத் தள்ளினாள். மூன்று காயும் ஒரு பொத்தானும். நான் உருட்டி விட்ட காய்க்குப் பதிலாக நீ வைத்த பொத்தான்.

ஆடினோம். புதிதாக வந்தவர் பாவம் என்று என் காயையும் அவளே இரண்டு கட்டம் தள்ளி விட்டாள். ஒவ்வொரு சுற்றிலும் மஞ்சள் முறை வரும்போது நிறுத்தி, "அண்ணன் இல்ல, தாண்டு" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். எத்தனை சுற்று உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இருந்திருப்பேன். பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ரகசியம் மாதிரி சொன்னாள்: "அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான் சார். நான் ஒரு காயத் தப்பா வச்சுட்டேன். வேணும்னு வைக்கல. கையி தானா வச்சுருச்சு. நீங்க வெளியில எல்லாம் போறவங்க, அவனப் பாத்தா சொல்லுங்க. இனிமே தப்பா வைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேம்மா," என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தெருமுனையில் நீ வெறும் பையோடு நின்றுகொண்டிருந்தாய், எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு. உன்னைக் கூப்பிடாமல் ஸ்டேஷனைப் பார்த்து நடந்துவிட்டேன்.

மச்சான்

---

ஜூன் 29

அன்பு மச்சான்,

உன்னைத் திட்டினேன் என்பது உண்மைதான். கடிதம் வரும் வரைக்கும் திட்டினேன்.

நீ போன பிறகு நடந்ததையும் கேள். அவள் வாசல் வரை வந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பச்சைக்காரர் எங்க? பாதியில போயிட்டாரே, அவரு காய யாரும் தொடாதீங்க" என்றாள். பச்சையை அப்படியே, நீ விட்ட கட்டத்திலேயே மூன்று நாள் பலகையில் வைத்திருந்தாள். நான் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறும் கேட்டாள், "அந்தப் பச்சைக்காரர் இன்னிக்கு வருவாரா? நல்ல மனுஷன், கத்தவே இல்ல."

பச்சையாகவே வா மச்சான். நான் கேட்பது கொடுமை என்று எனக்குத் தெரியாதா? என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், பிறகு முடிவு செய். நான் இந்த வீட்டில் சில நாள் மருந்துக்கடை ஆள். சில நாள் மாடியில் குடியிருக்கிறவர், சத்தமாக நடக்காதீர்கள் என்று திட்டு வாங்குகிறேன். போன வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவளுக்குப் போர்வையை எடுத்துப் போட்டேன். ரொம்ப மரியாதையாக, "நேரமாச்சே, உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் வாசற்படியில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, வேறு ஆள் மாதிரி கதவைத் தட்டி உள்ளே வந்தேன். கட்டிய பெண்டாட்டி வீட்டுக்குள் கதவைத் தட்டிக்கொண்டு வருகிறேன், இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்காக யாரும் எந்த மூலையிலும் ஒரு காயைத் துடைத்து வைக்கவில்லை. உனக்கு வைக்கிறாள். உன்னைத் தெரியவில்லை, ஆனால் உன்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அதைப் போய் உட்கார்ந்து பார்க்கத் தெம்பில்லை என்று ஓடினாயே, எனக்கு உன் மேல் பொறாமையாக இருந்தது.

வா.

மாப்பிள்ளை

---

செப்டம்பர் 5

மாப்பிள்ளை,

இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். எழுத உட்காருவேன், அந்த அடி விழுந்த கை பேனாவைப் பிடிக்காது. இந்த அறையில்கூட லூடோவைத் தொடவில்லை. பெயின்டர் இரண்டு தடவை கூப்பிட்டார், தலைவலி என்றேன். தச்சர்தான் ஒருநாள் பலகையோடு என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "நீங்க பச்ச எடுத்துக்குங்க, பழகிக்குங்க" என்றார். அதிலிருந்து தினமும் பச்சையில்தான் ஆடுகிறேன்.

இப்போது என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். அவள் பார்க்கிற ஆள் நான் இல்லை. அவள் காத்திருக்கிற ஆள் நான்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்க முடியாது என்று நினைத்தேன். தாங்கலாம் போலிருக்கிறது. அந்த மஞ்சள் நான்கும் மூலையில் இருக்கிற வரைக்கும் நான் எதிரே எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காருவேன், யாராக வேண்டுமானாலும் உட்காருவேன். "அண்ணன் இல்ல, தாண்டு" என்று அவள் சொல்லட்டும். "தாண்டியாச்சும்மா" என்று நானும் சொல்கிறேன். அண்ணன் கோபத்தில் இல்லை, கேட்டுவிட்டேன், சீக்கிரம் வருகிறானாம் என்று பச்சைக்காரர் வாயால் சொல்லலாம் அல்லவா? அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

வேலையை விட்டுவிட்டேன். ஆச்சரியப்படாதே, லிஃப்ட் எல்லா ஊரிலும் பழுதாகும், எனக்கு அங்கேயும் வேலை கிடைக்கும். செப்டம்பர் 13 ஞாயிறு காலை அதே ரயில். தச்சர் ஒரு பச்சைக் காய் செய்து தந்திருக்கிறார். பொத்தானை எடுத்துவிடு.

மஞ்சளைப் பார்த்துக்கொள்.

மச்சான்

---

செப்டம்பர் 6, ஞாயிறு

மச்சான்,

ஜூன் மாதம் நான் எழுதியதற்கு உன்னிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. கோபமா, வேலையா தெரியவில்லை. நானும் கொஞ்ச நாள் பேசாமல் இருக்கலாம் என்று விட்டிருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் வழக்கம் போல மேஜையை இழுத்துப் போட்டேன். இப்போதெல்லாம் பலகையை நான்தான் விரிக்கிறேன், காய்களை மட்டும் அவள் வைப்பாள். நீலத்தை வைத்தாள். மஞ்சளை வைத்தாள். நான் சிவப்பை வைத்துக்கொண்டேன். உன் பெரிய பகடையை உருட்டினாள். ஆறு. கை தட்டினாள். தட்டிவிட்டு மூலையிலிருந்து ஒரு மஞ்சளை எடுத்து வெளியே வைத்தாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. கை தவறிவிட்டது என்று நினைத்தேன். மறுபடி உருட்டி அதே மஞ்சளை நகர்த்தினாள். பதறிப்போய், "அது அண்ணனோடதும்மா" என்றேன்.

"எந்த அண்ணன்?" என்றாள்.

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை மச்சான். கோபமோ குழப்பமோ, ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரையோ பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் அந்தக் காயை எடுத்து மூலையில் திரும்ப வைத்தேன். "யாருமே ஆடலையே, அது எதுக்கு சும்மா கெடக்குது?" என்று நான்கையும் அள்ளித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். நீலமும் மஞ்சளும் சேர்ந்து எட்டுக் காயோடு ஆடினாள். சந்தோஷமாகத்தான் ஆடினாள். உன் முறை வந்தபோது நான் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை. "அண்ணன் இல்ல, தாண்டு" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

அன்று உன் கையில் அடி விழுந்தது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து உனக்காக அழுதேன். இன்று அந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஒரே ஒரு தடவை யாராவது மஞ்சளைத் தொட்டு அவள் கையால் ஓர் அடி வாங்க மாட்டார்களா என்று இருந்தது. அவள் பார்க்காதபோது நானே தொட்டுப் பார்த்தேன். பிறகு அவள் பார்க்கும்போதும் தொட்டேன்.

வருவதானால் வா. வராவிட்டாலும் உன் மேல் எனக்கு வருத்தமில்லை. வந்தால் இனி பச்சையில்தான் ஆட வேண்டும் என்பதில்லை. எந்தக் காயை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் மச்சான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மாப்பிள்ளை